ரயில்வே கிராசிங் வரை

நாய்க்காகத்தான் என்று சொன்னால்
டுவேன் சிரிப்பான். அதனால்
பனி விழுமுன் முடிக்கணும் என்று மட்டும் சொல்லி
அவனிடம் இரும்புக் குழாயை இரவல் வாங்கினேன்.

எண்பத்தேழாம் வருடத்து ஃபோர்டு பிக்கப்.
பச்சை; கதவு மட்டும் வேறு பச்சை.
எங்கள் சரளைச் சாலையில் ஒரு குழியில் இறங்கினால்
அடுத்த மூன்று குழிகளுக்கும் சேர்த்துக் குதிக்கும்.
எனக்கு ஒன்றுமில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வேன்.
மேபலுக்குப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை.
பதிமூன்று வயது. இடுப்பு தேய்ந்துவிட்டது.
மருத்துவர் ஐம்பது மைல் தள்ளி;
போகிற வழிதான் அவள் நோவில் பாதி.

நேற்று ராத்திரியே போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டுவைத்தேன்.
காலையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து,
பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, தாங்கிகளில் இறக்கி,
தோளால் ஒருமுறை தள்ளிப் பார்த்து,
நம்பாமல் இன்னொரு முறையும் தள்ளிப் பார்த்து,
ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை விரித்து
அடியில் நுழைந்தேன்.
மொன்டானாவின் நவம்பர்
அட்டையைத் தாண்டி முதுகைத் தொட்டது.

இடது பக்கம் இருபது நிமிடம்.
சீட்டியடித்தேன் என்று நினைக்கிறேன்.

வலது பக்கம்
மதியம் தாண்டியும்.
நட்டு திரும்பியது, கூடவே போல்ட்டும் திரும்பியது,
கல்யாண வீட்டில் குடித்துவிட்டு
கைகோத்துச் சுற்றுகிறவர்கள் மாதிரி.
குழாயை மாட்டித் தொங்கினேன்.
துரு கண்ணில் விழுந்தது.
எங்கள் லூத்தரன் கோயிலில் சொல்லக்கூடாத சொற்களை
ஒன்று விடாமல் சொன்னேன்.
மேபல் வந்து என் காலருகே படுத்தாள்,
அவை தனக்கல்ல என்று தெரிந்தவளாக.
கடைசியில் கைரம்பம்.
இரண்டு பிளேடு முறிந்து, மூன்றாவதில்
டிங் என்று ஒரு சின்ன ஓசை.
அவ்வளவுதான், முப்பத்தெட்டு வருடப் பிடிவாதம்.

கழற்றிய ஷாக் அப்சார்பரைக் கையால் அமுக்கினேன்.
உள்ளே போனது. போன இடத்திலேயே இருந்தது,
திரும்பி வரவேண்டும் என்பதே மறந்து.
எண்ணெய் எந்தக் காலத்திலோ கசிந்து வற்றியிருக்கிறது.
பேருக்குத் தொங்கிக்கொண்டிருந்ததை நம்பி
நான் பீட்ரூட் மூட்டை ஏற்றியிருக்கிறேன்,
கல் ஏற்றியிருக்கிறேன்,
மேபலை ஏற்றியிருக்கிறேன்.

புதியதை ஒடுக்கி, பட்டை கட்டி அனுப்பியிருந்தார்கள்.
பட்டையை அறுத்தேன்.
யாரும் தொடாமல், அவசரமே இல்லாமல்
தன் முழு நீளத்துக்கு நீண்டது,
ஞாயிற்றுக்கிழமை எழுகிறவன் சோம்பல் முறிப்பதுபோல.
வேலையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகுதான் உறைத்தது:
மாட்டிவிட்டு அல்லவா அறுக்கவேண்டும்.
இடது பக்கம் ஒழுங்காகச் செய்தவன் நான்தான்.
நெஞ்சோடு அணைத்து, முழங்காலைக் கொடுத்து,
அமுக்கி, வழுக்கி, மறுபடி அமுக்கி,
ஓட்டைக்கு ஓட்டை சேர்ந்தபோது
உதட்டில் ரத்தம். எப்படி என்று தெரியாது.

நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும்.
கையைக்கூடக் கழுவாமல் அவளைத் தூக்கி சீட்டில் வைத்தேன்.
இருபுறமும் கோதுமை அரிதாள், அதன்மேல் காற்று.
சாலை அதே சாலை. குழிகள் வந்தன,
வந்த சுவடில்லாமல் போயின.
கிளவ் பாக்ஸ் முதல்முறையாக மூடியே இருந்தது.

சரக்கு ரயில் கிராசிங்குக்கு நூறடி முன்னால்
வழக்கம்போல மேபல்
முன்னங்கால்களை ஊன்றி, காதுகளைப் பின்னே மடித்து,
கண்ணை இறுக்கிக்கொண்டாள்.
ஏறினோம். இறங்கினோம்.
வண்டி ஒருமுறை அமிழ்ந்து, எழுந்து, நின்றது.

அரை மைல் போயும்
அவள் காலை எடுக்கவில்லை.
அடி இன்னும் வரவில்லை, வரும் என்று
அப்படியே இருந்தாள்.

வண்டியைத் திருப்பினேன்.
மறுபடி கிராசிங். மறுபடி திருப்பினேன்.
எதிரே வந்த டுவேன் விளக்கை மின்னி, கையை விரித்து
என்னடா என்றான்; நான் நிற்கவில்லை.

நாலாவது தடவை
ஒரு காதை மட்டும் நிமிர்த்தினாள்.